பாறைச் செதுக்கல்களும் பதிவுத் தொண்டர்களும்

வரலாற்றுச் சான்றுகளுட் பல இடம்பெயரத்தக்கவை. மட்பாண்டம், நாணயம், செப்பேடு முதலியன நூதனசாலையைச் சென்றடைந்து காப்புப் பெறுகின்றன. மலைச்சாரலிற் கிடக்கும் செதுக்கற் பாறையோ மழைக்கும் உறைபனிக்கும் கால்நடைகளின் குளம்புக்கும் ஆளாகி, சிறிது சிறிதாகத் தன் முகத்தை இழக்கின்றது. ஆதலின் அதனைப் பற்றி எழுதிவைக்கப்படும் பதிவே ஒருநாள் அதன் ஒரே சான்றாக எஞ்சவுங்கூடும். அத்தகைய பதிவைச் செய்தோர் யாவர், அதனை அவர் எங்ஙனம் செய்யக் கற்றனர் என்பவற்றை, இங்கிலாந்தின் வட எல்லையிலுள்ள நோர்தம்பர்லாந்துப் பிரதேசத்தைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பிரதேசத்து மணற்கற் பாறைகளிற் கிண்ணம் போன்ற குழிகளும், அவற்றைச் சூழ்ந்த வட்டங்களும், வட்டங்களை ஊடறுத்தோடும் கோடுகளும் கொத்தப்பட்டுள்ளன. இவை ஏறத்தாழ 6000 முதல் 3500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 1852இல் கிறீன்வெல் என்னும் மதகுரு றௌற்றிங் லின் என்னுமிடத்துப் பெரும்பாறையை அறிவுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். அல்னிக் நகரத் தபாலதிபராகிய ஜோர்ஜ் ரேற் 1865இல் இச்செதுக்கல்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். குளோரபோமை மருத்துவத்திற் புகுத்திய சிம்சன் 1867இல் இன்னொரு நூலைத் தந்தார். பிற்காலத்தில், அயலிலுள்ள ஸ்கொத்லாந்தில் றொனால்ட் மொறிஸ் என்னும் சட்டத்தரணியும், நோர்தம்பர்லாந்தில் ஸ்ரான் பெக்கன்சோல் என்னும் பாடசாலை ஆசிரியரும் இப்பணியைத் தொடர்ந்தனர். மதகுரு, தபாலதிபர், மருத்துவர், சட்டத்தரணி, ஆசிரியர் என்னும் இவ்வைவருள் எவரும் தொல்பொருளியலாற் பிழைத்தவரல்லர் என்பது நோக்கற்பாலது.

எனினும், ஆர்வம் மாத்திரமே நல்ல பதிவைத் தந்துவிடாது. முற்காலத்தோர் புற்றரையை உரித்தனர். கற்பாசியைத் தேய்த்து அகற்றினர். கோடுகள் தெளிவுறத் தோன்றும்பொருட்டு அவற்றின்மேல் வெண்கட்டியால் வரைந்தனர். இவற்றாற் கல்லுக்கு ஊறு நேர்ந்ததோடு பதிவும் பழுதுற்றது. வெண்கட்டி வரைந்த கை, கல்லில் உள்ளதை மாத்திரம் வரைந்ததா, தான் காண விரும்பியதையும் சேர்த்து வரைந்ததா என்பதைப் பின்வருவோர் பிரித்தறிய இயலாது. தாளை விரித்து மெழுகால் ஒற்றிப்படி எடுக்கும் முறை இதனினும் நம்பகமானது. ஆயினும், அதுவும் கல்லைத் தீண்டுவதே. எனவே, பாறைக் கலையைப் பதிவு செய்தலின் வரலாறு ஒருவகையிற் கையை அடக்கக் கற்றுக்கொண்ட வரலாறே எனலாம்.

இவ்வடக்கம் ஒழுங்கான பயிற்சியாக மலர்ந்தது 2004 முதல் 2008 வரை நோர்தம்பர்லாந்திலும் டேர்ஹமிலும் நடைபெற்ற திட்டத்திலாகும். ஏறத்தாழ நூறு தொண்டர்கள் இதற்கெனப் பயிற்றப்பட்டனர். பாறையின் அமைவிடம், அளவு, சரிவு, சுற்றுப்புறம், செதுக்கல்களின் வகை, அவற்றின் இன்றைய நிலை, நேரக்கூடிய ஆபத்து ஆகியன யாவும் ஒரே அமைப்பிலான படிவத்திற் குறிக்கப்பட்டன. ஒன்றன்மேலொன்று படியுமாறு எடுக்கப்பட்ட புகைப்படங்களைக் கணினியில் இணைத்து, கல்லைத் தீண்டாமலே அதன் மேடுபள்ளங்களை முப்பரிமாணத்தில் வடிக்கும் முறையையும் அவர்கள் கற்றனர். நண்பகல் வெயிலிற் புலப்படாத குழி, ஞாயிறு தாழ்ந்த வேளையின் சாய்வொளியிற் புலப்படும். ஆதலின், ஒரே பாறைக்கு மீண்டும் மீண்டும் சென்று காத்திருக்கும் பொறுமையும் தொண்டருக்கு வேண்டியதாயிற்று.

இச்செதுக்கல்களின் பொருள் யாது? மொறிஸ் 1979இல் வெளியிட்ட நூலில், பலரும் கூறிய 104 விளக்கங்களைத் தொகுத்துத் தந்துள்ளார். நூற்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் ஒருங்கே நிலவுகின்றன எனின், எதுவும் நிறுவப்படவில்லை என்பதே பொருள். இந்நிலையிற் பதிவாளர் தமக்கு உவந்த விளக்கத்தைப் படிவத்தில் ஏற்றுவாராயின், எஞ்சிய விளக்கங்களைச் சோதிக்கும் வாய்ப்பு அற்றுப்போகும். ஸ்கொத்லாந்தின் கில்மாட்டின் பள்ளத்தாக்கிலுள்ள ஈமக்கற்குவை ஒன்றின் மூடுகல்லின் அடிப்புறத்தே மான் உருவங்கள் செதுக்கப்பட்டிருத்தல் 2021இல் வெளிப்படுத்தப்பட்டது. அவற்றை முதலிற் கண்டவர் கைவிளக்குடன் உள்ளே நுழைந்து பார்த்த ஒரு பார்வையாளரே. குழியும் வட்டமுமே அந்நாட்டுப் பாறைக் கலை என எண்ணிப் பழகியோருக்கு அம்மான்கள் நல்லதொரு பாடமாகும்.

நோர்தம்பர்லாந்துச் செதுக்கல்களைப் பற்றிக் கேட்டறிய இன்று எவருமிலர். நமது நாட்டு வேடர் குகைகளிலோ ஒரு காலத்தில் நிலைமை வேறாயிருந்தது. அங்குள்ள ஓவியங்கள், சாம்பலை உமிழ்நீரிற் குழைத்துப் பெண்கள் விரலால் வரைந்தவை என்பதைக் கேட்டறிந்து, செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துவைத்தனர். கொத்திய கல்லே தேயுமெனின், சாம்பற் கோடு எத்தனை காலம் நிற்கும்? அன்று அவர்கள் கேட்டிராவிடின், பின்வந்தோர் அவ்வோவியங்களை வேட்டையாடிய ஆடவரின் கைவண்ணமென ஐயமின்றி எழுதியிருத்தலுங்கூடும்.

களத்துக்குச் செல்லும் மாணவர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. பெருங்கண்டுபிடிப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயின், கண்டதைக் கண்டவாறும், கேட்டதைக் கேட்டவாறும், கல்லுக்கு ஊறின்றியும் குறித்துவைத்தல் எவர்க்கும் இயலும். அவ்வாறு குறிக்கப்பட்ட படிவத்தைக் கொண்டு, நாம் அறியாத ஒருவர் நம் தவறுகளைத் திருத்துவார். அதற்கு இடமளிப்பதே பதிவாளரின் கடமையாகும்.