அகிதாவின் உப்புத் தொட்டிகள்

திடகாத்திரமாய் நடமாடிக்கொண்டிருந்த மனிதன் ஒரு கணத்தில் வாய் கோணி, கை சோர்ந்து, நினைவிழந்து சாயும் கொடுமையைக் கண்ட நம் வைத்தியர்கள் அதைப் பக்கவாதம் என்று சொல்லி வாயுவின்மேல் பழியை ஏற்றினார்கள் என்றால், ஜப்பானியரும் சீன வைத்தியத்தைப் பின்பற்றி, காற்றால் தாக்குண்ட நிலை என்று பொருள்படும் 'சூபூ' என்ற பெயரையே அதற்கு வழங்கினார்கள். அவ்வாறு இறந்தோர் சிலரின் மூளையில் ரத்தம் கசிந்து கிடப்பதைக் கண்டு, சுவிட்சர்லாந்து தேசத்து வைத்தியர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் 1658-இல் நூலாக எழுதிய பிறகும், மூளையின் ரத்தக் குழாய் ஏன் உடைந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மூன்று நூற்றாண்டுகள் ஆயின. அந்த விடையின் ஒரு பெரும்பகுதி, ஜப்பானின் வடமேற்குக் கரையிலுள்ள அகிதா என்ற பனிப் பிரதேசத்தின் சமையலறைகளில் இருந்தது.

சைபீரியாவிலிருந்து கடல் தாண்டி வரும் வாடைக் காற்று மாதக்கணக்கில் வயல்களைப் பனியால் மூடிவிடும் அந்நாட்டில், இலையுதிர் காலம் முடிவதற்குள் முள்ளங்கியும் கீரையும் மரத்தொட்டிகளில் உப்பிட்டு அடுக்கப்பட்டாக வேண்டும். வெயிலில் உலர்த்த வழியில்லாமையால், முள்ளங்கியை அடுப்புப் புகையில் தொங்கவிட்டுப் பின் உப்பிலும் தவிட்டிலும் ஊறவைத்து 'இபுரிகக்கோ' செய்தார்கள். 'ஹதஹதா' மீனை உப்பில் நொதிக்கவிட்டுச் சாறு இறக்கினார்கள். 'மிஸோ' என்னும் சோயா விழுதைக் கரைத்த சூப்பையும் சோற்றையும் மூன்று வேளையும் உண்டார்கள். ருசியின்மேல் கொண்ட பேராசையால் இவ்வளவு உப்பை உண்டார்கள் என்று எண்ணுவது அம்மக்களுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும். அந்தத் தொட்டி இல்லாத வீட்டில் பங்குனிவரை உயிர் தரித்திருப்பது அரிது.

ஆனால் பிராணனைக் காத்த அந்த உப்பே ரத்த அழுத்தத்தையும் ஏற்றிற்று. மூளையின் ஆழத்தில், பெரிய தமனியிலிருந்து நேரே கிளைத்துச் செல்லும் நூலினும் மெல்லிய குழாய்கள், ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிச் சுவர் நைந்து, ஆங்காங்கே புடைத்து, ஒருநாள் வெடிக்கின்றன. வெளிப்பட்ட ரத்தம் சுற்றியுள்ள மூளையை நசுக்குகிறது. உடைவதற்கு முந்தைய நாள்வரை பெரும்பாலோருக்கு வலியுமில்லை, அறிகுறியுமில்லை என்பதுதான் இவ்வியாதியின் வஞ்சகம். கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் ரிவா-ரோச்சியின் கருவி 1896-இலேயே வந்துவிட்ட போதிலும், நோயென்று உணராதவனிடம் அதைக் கொண்டுபோவார் யார்?

1951 முதல் 1980 வரை ஜப்பானியரின் மரண காரணங்களில் முதலிடம் பெற்றிருந்தது மூளைத் தாக்கு என்னும் இவ்வியாதியே. அமெரிக்க ஆராய்ச்சியாளர் லூயிஸ் டால் 1960-இல் வெளியிட்ட கணக்கு, வட ஜப்பானியர் நாளொன்றுக்குச் சுமார் 26 கிராம் உப்பு உண்டதைக் காட்டிற்று. ஐந்து கிராமுக்குள் நிறுத்துங்கள் என்பது இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் வாக்கு. அண்டை மாநிலமான அவோமோரியில் ஹிரோசாகி பல்கலைக்கழகத்து நவோசுகே ஸஸாகி, ஆப்பிள் விளையும் கிராமங்களில் அழுத்தம் குறைந்திருக்கக் கண்டு, அப்பழத்திலுள்ள பொட்டாசியத்தின்மேல் கவனத்தைத் திருப்பினார்.

1963-இல் ஒஸாகாவிலிருந்து யோஷியோ கோமாச்சியின் குழு, அகிதாவில் ஹச்சிரோ ஏரிக்கரையிலுள்ள இகாவா என்ற ஊருக்கு வந்தது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் ஊராரையெல்லாம் அழைத்து அழுத்தம் அளந்து, உயர்ந்திருந்தவர்களை மருந்துக்கு அனுப்பி, உப்பைக் குறைக்கவும் போதனை செய்தார்கள். சோறே பிரதானமாய், புலாலும் பாலும் அரிதாய் இருந்த உணவில் ரத்தக் கொழுப்பு மிகவும் தாழ்ந்திருப்பதும் குழாய்ச் சுவரை நலிவிக்கும் என்று கோமாச்சி கருதினார். கொழுப்பைக் குறையுங்கள் என்று மேனாட்டார் முழங்கிய காலத்தில், கண்ணெதிரே கண்டதையே நம்பிய அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். தீவிரமாகத் தொண்டு நடந்த இடத்தில், அவ்வளவு கவனம் பெறாத அக்கம்பக்கத்தைவிட மூளைத் தாக்கு விரைந்து தணிந்தது. அதே ஆண்டுகளில் குளிர்சாதனப் பெட்டியும் வீடுகளுக்கு வந்து சேர்ந்தபடியால், குளிர்காலம் முழுவதற்கும் உப்பையே நம்பியிருக்க வேண்டிய அவசியம் அந்தக் குடும்பங்களுக்கு நீங்கிற்று.