நுகத்தடியிலிருந்து மும்முனை இணைப்புக்கு: ஆம்பூர் வட்டார உழவில் கருவி பூட்டும் முறையின் மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

உழவுக் கருவியை இழுவிசையோடு பிணைக்கும் முறை, வேளாண் தொழில்நுட்ப வரலாற்றில் கலப்பையின் வடிவத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது. நுகத்தடியில் ஏர் பூட்டிய நிலையிலிருந்து சிறு டிராக்டரின் மும்முனை இணைப்பு வரையிலான மாற்றத்தை ஆம்பூர் வட்டாரப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. உழவின் ஆழத்தைக் காக்கும் பணி எந்திரத்துக்கு மாறியபோதும், பூட்டுதல், கழற்றுதல் பற்றிய அறிவு மனிதரிடமே உள்ளது என்பதும், அவ்வறிவு உழவரிடமிருந்து ஓட்டுநரிடம் இடம்பெயர்ந்துள்ளது என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஏர் பூட்டல், மும்முனை இணைப்பு, சிறு டிராக்டர், ஆம்பூர், வேளாண் எந்திரமயம்.

முன்னுரை

பாலாற்றங்கரை நகரமான ஆம்பூர், தோல் பதனிடுதலாலும் காலணி உற்பத்தியாலும் அறியப்படுவது. வேலூர் மாவட்டம் 2019இல் பிரிக்கப்பட்டபோது இது திருப்பத்தூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. இவ்வட்டார நிலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் மாசுபாட்டைச் சுற்றியே அமைகிறது. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 28.08.1996 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைச் சுட்டியது. எஞ்சிய தென்னந்தோப்புகளிலும் சிறு வயல்களிலும் உழவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதும் ஆய்வுக்குரியதே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். இத்தகைய சிறு நிலத்துக்கு ஏற்ற எந்திரமாகவே சிறு டிராக்டர் அமைகிறது.

ஏர் பூட்டல்

மர ஏரில் கலப்பையிலிருந்து நீளும் ஏர்க்கால், கயிற்றாலோ தோல்வாராலோ நுகத்தடியுடன் பிணைக்கப்பட்டது. மாட்டின் கழுத்தைப் பூட்டாங்கயிறு நுகத்தோடு இணைத்தது. இப்பிணைப்பு இழுப்பதற்கு மட்டும் உரியதன்று. ஏர்க்காலில் நுகம் கட்டப்படும் இடம் மாறினால் ஏர்க்காலின் சாய்வும், கொழு மண்ணில் இறங்கும் கோணமும் மாறும். ஆகவே கட்டுமிடமே உழவின் ஆழத்தை முதலில் முடிவு செய்தது. மேழி பிடித்த கை அதனை நொடிதோறும் திருத்தியது. தடை எதிர்ப்பட்டால் மாடு நின்றுவிடும். பூட்டியவரும் உழுதவரும் பெரும்பாலும் ஒருவரே.

மும்முனை இணைப்பின் தோற்றம்

தொடக்ககால டிராக்டர்கள் கருவியைப் பின்னால் கட்டி இழுத்தன. 1917இல் உற்பத்திக்கு வந்த ஃபோர்ட்சன் போன்ற எடை குறைந்த வண்டிகளில் இம்முறை ஆபத்தாக முடிந்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கிப் பின்சக்கரம் நின்றபோது, வண்டியின் முன்பகுதி மேலெழுந்து ஓட்டுநர்மீதே கவிழ்ந்தது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் இதற்குத் தீர்வாகக் கலப்பையையும் வண்டியையும் ஓருடலாக்க முயன்றார். 1926இல் காப்புரிமை பெற்ற அவரது அமைப்பு, 1936இல் ஃபெர்குசன்-பிரௌன் டிராக்டரிலும், 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரிலும் இடம்பெற்றது.

இதில் கீழ்க்கைகள் இரண்டும் இழுக்கின்றன. கருவி முன்னோக்கிச் சுழல முனையும் விசை, டாப் லிங்க் எனப்படும் மேற்கை வழியே வண்டியைத் தள்ளி, முன்சக்கரங்கள் மேலெழாமல் காக்கிறது. அத்தள்ளுவிசையின் அளவை உணர்ந்து ஹைட்ராலிக் அமைப்பு கருவியை உயர்த்தித் தாழ்த்துகிறது. மேழி பிடித்த கையின் பணி இவ்வாறு எந்திரத்துக்குச் சென்றது. எனினும் பழைய கோட்பாடு மறையவில்லை. டாப் லிங்கைத் திருகிக் குறுக்கினால் கலப்பையின் முன்பகுதி தாழ்ந்து கொழு ஆழமாக இறங்கும். நுகம் கட்டும் இடத்தை மாற்றிய அதே அறிவு இங்குத் திருகாணியில் தொடர்கிறது.

தமிழகத்துக்கு வருகை

ஃபெர்குசன் மரபு, மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டுறவுடன் 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வழியே தமிழகத்தில் வேரூன்றியது. பின்னர் வந்த 15 முதல் 20 குதிரைத்திறன் வரையிலான சிறு டிராக்டர்கள், அதே இணைப்பைச் சிறிய அளவில் கொண்டுவந்தன. இழுத்துச் செல்லப்படும் கருவியோடு குறுகிய வயலில் பின்னோக்கி வருவது கடினம். தூக்கி நிற்கும் கருவியோடு வரப்போரத்திலேயே திரும்பலாம். தென்னை வரிசைகளுக்கிடையே ஐந்து கலப்பையும் சுழற்கலப்பையும் இயங்க முடிவது இதனாலேயே.

பூட்டும் வரிசை

இணைப்பு தரப்படுத்தப்பட்டதால் எக்கருவியையும் எவ்வண்டியிலும் பூட்டலாம் என்னும் எண்ணம் தோன்றுகிறது. ஆனால் முதல் வகை இணைப்பில் கீழ்க்கை ஆணியின் விட்டம் 22 மி.மீ.; இரண்டாம் வகையில் 28 மி.மீ. பெரிய வண்டிக்கான கருவியைச் சிறு டிராக்டரில் ஏற்றினால், பளுவினால் முன்சக்கரம் மேலெழும். ஃபெர்குசன் தீர்த்த இடரே வேறு வழியில் திரும்பும்.

பூட்டும்போது முதலில் இடக் கீழ்க்கை, அடுத்து உயரம் திருத்தத்தக்க வலக் கீழ்க்கை, இறுதியில் டாப் லிங்க் என்பது வழக்கமான வரிசை. வண்டி பின்னோக்கி வரும்போது கருவிக்கும் வண்டிக்கும் இடையில் எவரும் நிற்றல் ஆகாது. கழற்றும்போது சமதரையில் கருவியை முழுவதும் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பி.டி.ஓ. தண்டை நீக்கியபின், டாப் லிங்க், வலக்கை, இடக்கை என வரிசை தலைகீழாகும். தூக்கிய கருவியை ஹைட்ராலிக் மட்டுமே தாங்குவதால், அதன் அடியில் கைவைப்பது உயிருக்கு ஆபத்து.

முடிவுரை

ஏர் பூட்டல் குடும்பத்தில் தலைமுறை வழியாகக் கற்கப்பட்டது. சித்திரையில் நல்லேர் பூட்டும் சடங்காகவும் போற்றப்பட்டது. மும்முனை இணைப்பின் அறிவோ வாடகை ஓட்டுநரின் கைப்பழக்கத்தில் தங்கியுள்ளது. மணிக்கணக்கில் கூலி கணக்கிடப்படும்போது, எஞ்சினை நிறுத்தும் சில நிமிடங்களே முதலில் கைவிடப்படுகின்றன. ‘பூட்டு’, ‘கழற்று’ என்னும் சொற்கள் மாட்டிலிருந்து எந்திரத்துக்கு இயல்பாகக் கடந்துவந்துள்ளன. அச்சொற்களோடு பூட்டும் வரிசையும் அதன் காரணமும் தமிழில் பதிவாதல், சொல்லாய்வுக்கும் உழைப்போரின் உயிர்க்காப்புக்கும் ஒருங்கே பயன்தரும்.