யூக்ளிட் மண்டலப் பகுப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஒஹாயோ ராஜ்யத்தில், ஈரி ஏரியின் தென்கரையில், கிளீவ்லாந்து மாநகருக்குக் கிழக்கே அமைந்துள்ள யூக்ளிட் என்னும் ஊர், 1922-இல் தன் எல்லைக்குட்பட்ட நிலம் முழுவதையும் இன்ன பகுதி குடியிருப்புக்கு, இன்ன பகுதி கடைகளுக்கு, இன்ன பகுதி ஆலைகளுக்கு என்று வகுத்து இயற்றிக்கொண்ட விதியும், அவ்விதியை எதிர்த்து எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1926-இல் முடிவுற்ற வழக்கும், அம்முடிவின் பலத்தால் நாடெங்கும் வேரூன்றிய நகரமைப்பு முறையும் இத்தலைப்பில் அடங்கும். இம்முறையைச் சட்ட நூலோர் 'யூக்ளிடியப் பகுப்பு' என்று வழங்குவர். நம் நாட்டில் நிலத்தை நத்தம், நஞ்சை, புஞ்சை எனப் பிரித்தெழுதும் வழக்கம் பெரும்பாலும் தீர்வையைக் கருதி ஏற்பட்டது. யூக்ளிடில் ஏற்பட்ட பிரிவோ நிலத்தின்மேல் எழும் கட்டடத்தையும், அதனுள் நடக்கும் காரியத்தையும், அதன் உயரத்தையும்கூட ஆள்வதற்காக ஏற்பட்டது.

ஊர்ப் பெயர் வடிவ கணிதம் வகுத்த கிரேக்க அறிஞருடையதே. 1796-இல் மோசஸ் கிளீவ்லாந்து என்பவரின் தலைமையில் கனெக்டிகட் நிலக் கம்பெனியார் அனுப்பிய நில அளவைக் குழுவினர், ஊதியம் பற்றி மனக்குறை கொண்டு தலைவருடன் வாதாடி, அதற்கு ஈடாகத் தமக்கென ஒரு நிலப்பகுதியை வாங்கிக்கொண்டார்கள் என்றும், சங்கிலியும் கோலும் கொண்டு பிழைத்த அவர்கள் தம் தொழிலுக்கு ஆதிகுருவாகக் கருதியவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள் என்றும் கூறுவர். பெயரிட்டவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறவில்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் செய்தி. கோடு கிழிப்பதையே ஜீவனமாகக் கொண்டவர்கள் பெயரிட்டுச் சென்ற ஊர், பின்னொரு காலத்தில் வரைபடத்தில் கிழித்த கோடுகளாலேயே உலகறியப் பெற்றது தற்செயல்தான் எனினும், இதைக் குறிப்பிடாமல் கடந்து செல்வது இயலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பயிர்த்தொழிலும், ஏரிக்காற்றின் துணையால் செழித்த திராட்சைத் தோட்டங்களும், 'நீலக்கல்' எனப்பட்ட ஒருவகை மணற்கல் வெட்டும் தொழிலும் கொண்ட நாட்டுப்புறமாக இருந்தது.

1903-இல் யூக்ளிட் தனிச் சிற்றூராட்சியாக அமைந்தது. அதற்கு மேற்கே கிளீவ்லாந்து, எஃகும் எண்ணெயும் மோட்டார் வண்டியும் தந்த செல்வத்தால் பருத்து, 1920-இல் அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரமாகி, இருப்புப்பாதைகளின் ஓரமாக ஆலைகளைக் கிழக்கு நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வாண்டுக் குடிமதிப்பில் யூக்ளிடின் ஜனத்தொகை 3,363. சில ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்ற ஆவணங்களில் அது ஐயாயிரத்துக்கும் பதினாயிரத்துக்கும் இடைப்பட்டது என்று மதிப்பிடப்படுகிறது. 1930-இன் குடிமதிப்பு 12,751 என்று காட்டுவதால் இம்மதிப்பீட்டை மிகையெனத் தள்ளிவிட முடியாது. ஊரின் பரப்பு 12 முதல் 14 சதுர மைல். அதில் பெரும்பகுதி விளைநிலமும் வெற்றுநிலமுமே. இருபுறமும் ஏறத்தாழ மூன்றரை மைல் அளவுள்ள இணைகர வடிவில் ஊர் அமைந்திருந்ததாகத் தீர்ப்பு வருணிக்கிறது. தெற்கே யூக்ளிட் அவென்யூ, நடுவே செயின்ட் கிளேர் அவென்யூ, வடக்கே ஏரிக்கரைச் சாலை என மூன்று பெருவழிகளும், அவற்றினிடையே இரண்டு இருப்புப்பாதைகளும் கிழக்கு மேற்காக அதனூடே சென்றன.

கட்டடங்களை இடவாரியாக வகுத்து ஆளும் எண்ணம் யூக்ளிடில் பிறந்ததன்று. ஜெர்மானிய நகரங்கள் அதனை முன்னரே கையாண்டன. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1916-இல் விரிவான விதியொன்றை இயற்றி வழிகாட்டியது. சென்னை மாகாணம் 1920-இல் நகரமைப்புச் சட்டம் செய்துகொண்டதையும் நோக்கினால், ஊர் வளர்ந்த பின் திருத்துவதைவிட வளருமுன் வகுப்பது நலம் என்னும் கருத்து அக்காலத்தில் பல தேசங்களிலும் ஒருங்கே உலவியது தெரியவரும்.

1922 நவம்பர் 13-ஆம் நாள் யூக்ளிட் ஊர்ச் சபை நிறைவேற்றிய விதி, நிலத்தை உபயோகம், உயரம், மனையளவு என்னும் மூன்று நோக்கில் பிரித்தது. உபயோக வகுப்புகள் ஆறு. முதல் வகுப்பில் ஒரு குடும்பம் வாழும் தனிவீடும், இரண்டாவதில் இரு குடும்ப வீடும், மூன்றாவதில் அடுக்குக் குடியிருப்பு, ஹோட்டல், தேவாலயம், பள்ளிக்கூடம் முதலியனவும், நான்காவதில் வங்கி, அலுவலகம், சில்லறைக் கடை, நாடகக் கொட்டகை ஆகியனவும், ஐந்தாவதில் பண்டகசாலை, வண்டிக் கொட்டில், விளம்பரப் பலகை போன்றனவும், ஆறாவதில் ஆலைகள், கழிவுநீர் சுத்தி செய்யும் நிலையம், குப்பை எரிக்கும் உலை, இடுகாடு, சிறைச்சாலை, மனநோயாளர் விடுதி ஆகியனவும் அனுமதிக்கப்பட்டன. இவற்றுக்கும் அப்பால், ஊரெல்லையில் எங்குமே இடம்பெறக்கூடாத தொழில்களுக்கென ஏழாவது வகுப்பொன்றும் குறிக்கப்பட்டிருந்தது. மேல் வகுப்புக்குரியது கீழ் வகுப்பில் எழலாம். கீழ் வகுப்புக்குரியது மேலேறக்கூடாது. ஆகவே ஆலையருகே வீடு கட்டிக்கொள்ள விரும்பியவனை விதி தடுக்கவில்லை. வீட்டருகே ஆலை கட்ட விரும்பியவனையே தடுத்தது. மிகக் கடுமையான உயர வகுப்பில் கட்டடம் இரண்டரை மாடி அல்லது 35 அடிக்கு மேற்படக்கூடாது என்றிருந்தது. எல்லாவற்றுக்கும் உச்சியில் தனிவீட்டை வைத்த இந்தப் படிவரிசை, வகுத்தவர்களின் வாழ்க்கை இலட்சியத்தை அவர்கள் அறிந்ததைவிடத் தெளிவாக வெளிப்படுத்துகிறது எனலாம்.

யூக்ளிட் அவென்யூவுக்கும், அதற்கு வடக்கே சென்ற 'நிக்கல் பிளேட்' இருப்புப்பாதைக்கும் இடையே 68 ஏக்கர் வெற்றுநிலம் ஆம்ப்ளர் நிலக் கம்பெனிக்கு உரிமையாயிருந்தது. ஆலைகளுக்கு விற்கும் நோக்கத்துடன் கம்பெனி அதனைப் பல்லாண்டுகள் வைத்திருந்தது. புதிய விதியின்படி சாலையிலிருந்து 620 அடி ஆழத்துக்குள்ள பட்டை இரு குடும்ப வீடுகளுக்கும், அடுத்த 130 அடிப் பட்டை அடுக்குக் குடியிருப்பு முதலியவற்றுக்கும் ஒதுங்க, எஞ்சிய வடபகுதி மட்டுமே ஆலைகளுக்குரியதாயிற்று. ஏக்கர் ஒன்றுக்குப் பதினாயிரம் டாலர் பெறக்கூடிய நிலம் வீடுகளுக்கென்று குறுக்கப்பட்டதால் 2,500 டாலருக்கு மேல் போகாதென்றும், சாலைமுகப்பில் அடிக்கு 150 டாலர் பெறுவது 50 டாலராகத் தாழுமென்றும், உரிய சட்ட நெறியின்றி ஒருவரது சொத்தைப் பறித்தலாகாது என்னும் பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இது விரோதமென்றும் கம்பெனி வழக்காடியது.

கம்பெனியின் வழக்கறிஞர் நியூட்டன் பேக்கர், கிளீவ்லாந்தின் மேயராகவும், பின் ஜனாதிபதி வில்ஸனின் மந்திரிசபையில் யுத்த மந்திரியாகவும் இருந்தவர். ஊரின் பக்கம் வாதாடிய ஜேம்ஸ் மெட்ஸன்பாம் அத்தகைய கீர்த்தி உடையவரல்லர். ஆனால் ஊர்மீது அபிமானம் உடையவர். பின்னாளில் இத்துறைபற்றிப் பெரியதொரு சட்ட நூலும் எழுதினார். கீழ்நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த வெஸ்டன்ஹேவர், பேக்கரின் பழைய தொழில் கூட்டாளி. அந்நாளில் அதனை யாரும் பெரிதாக ஆக்ஷேபித்ததாகத் தெரியவில்லை. 1924 ஜனவரியில் அவர் விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தார். அவ்விதி மக்களை அவரவர் வருமானத்துக்கும் வாழ்க்கை நிலைக்கும் ஏற்ப வகைபிரித்து ஒதுக்குவதிலேயே முடியும் என்று அவர் அப்போது எழுதியது, தீர்ப்பு மாற்றப்பட்ட பின்னும் மறக்கப்படாமல், ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்துப் புதிய தலைமுறையினரால் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. நிறம் பற்றி மனைகளைப் பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் 1917-இலேயே தள்ளியிருந்ததையும் அவர் தமக்கு ஆதாரமாகக் காட்டினார்.

உச்ச நீதிமன்றத்தில் வழக்கு 1926 ஜனவரி 27-இல் விசாரிக்கப்பட்டது. பேக்கரின் வாதத்தில் கண்ட சில கூற்றுகளுக்கு மறுப்புரைக்க வாய்ப்பில்லாமற்போன வருத்தத்தோடு ஊர் திரும்பிய மெட்ஸன்பாம், பனிப்புயலில் தத்தளித்த ரயிலிலிருந்தபடியே, மறுப்புரை சமர்ப்பிக்க அனுமதி கோரிப் பிரதம நீதிபதி டாஃப்டுக்கு ஒரு தந்தி எழுதி, அதனை ஒரு பணநோட்டில் சுற்றிப் பாதையோரத்தில் பணியாற்றிய தொழிலாளி ஒருவரிடம் சேர்ப்பித்தார் என்றும், அனுமதி மறுநாளே கிடைத்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அந்தப் பெயரறியாத் தொழிலாளி பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு தாளை எறிந்திருந்தால் நகரமைப்பு வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று வினவுவது கலைக்களஞ்சியத்துக்கு உரிய காரியமன்று.

தீர்ப்பு வெளிவருமுன் நீதிமன்றம் வழக்கை மறுவிசாரணைக்கு வைத்தது. அதன் காரணம்பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நீதிபதி ஜார்ஜ் ஸதர்லாந்து முதலில் விதிக்கு எதிராகத் தீர்ப்பெழுதத் தொடங்கி, சக நீதிபதிகளுடன், முக்கியமாக ஸ்டோனுடன், உரையாடியதால் மனம் தளர்ந்து மறுவிசாரணை வேண்டினார் என்பது ஸ்டோனின் உதவியாளராயிருந்த ஒருவர் பிற்காலத்தில் சொன்ன செய்தி. ஸதர்லாந்து முதல் விசாரணையின்போது அமரவில்லை, ஆகையால்தான் மறுபடி கேட்கப்பட்டது என்பாரும் உளர். இவ்விடைவெளியில் சின்சினாட்டி வழக்கறிஞர் ஆல்ஃப்ரட் பெட்மன், நகரமைப்பு மகாநாட்டினர் சார்பில், காலம் கடந்து வந்தும் பிரதம நீதிபதியின் அனுமதி பெற்று, ஒரு விளக்கவுரையைச் சமர்ப்பித்தார். முடிவைத் தீர்மானித்தது அதுவே என்று பலரும் எழுதியுள்ளனர். தீர்ப்பின் சில பகுதிகள் அதன் சாயலைக் கொண்டிருப்பது உண்மை. அவ்வளவே உறுதியாகக் கூறத்தக்கது.

அக்டோபர் 12-இல் மறுவிசாரணையும், 1926 நவம்பர் 22-இல் தீர்ப்பும் நடந்தேறின. ஆறு நீதிபதிகள் விதி செல்லும் என்றனர். வான் டிவான்டர், மக்ரெய்னால்ட்ஸ், பட்லர் ஆகிய மூவர் உடன்படவில்லையெனினும் தங்கள் காரணத்தை எழுதவில்லை. பழமைப் பற்றுடையவரும் சொத்துரிமையின் காவலரும் எனப் பெயர்பெற்ற ஸதர்லாந்தே பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். மோட்டாரும் டிராம் வண்டியும் வருமுன் தெருப் போக்குவரத்து விதிகள் கொடுங்கோன்மையாகத் தோன்றியிருக்கும், இன்று அவ்வாறு தோன்றுவதில்லை, நில விதிகளும் அத்தகையனவே என்றும், தொல்லை என்பது தன்னிடம் விட்டு இடம் மாறிய பொருளாகவே இருக்கலாம், பட்டியில் இருக்கவேண்டிய பன்றி கூடத்துக்கு வந்ததுபோல என்றும் அவர் விளக்கினார். தனிவீடுகளிடையே எழும் அடுக்குக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது, அத்தீர்ப்பில் மிகுதியாகக் கண்டிக்கப்பட்ட பகுதி. ஊரின் எல்லையைத் தாண்டிய பொதுநலம் மிக மேலோங்குமிடத்துச் சிற்றூரின் விருப்பம் தடையாக நிற்கலாகாது என்றொரு வாக்கியத்தையும் அவர் சேர்த்து வைத்தார். அது நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது.

விதியின் உட்கருத்து எது என்பதில் ஒற்றுமை இல்லை. புகையும் இரைச்சலும் தீவிபத்தும் குழந்தைகளை அணுகாமல் காத்ததே நோக்கம் என்பர் ஒரு சாரார். ஏழைகளையும் புதுக் குடியேறிகளையும் கௌரவமான மொழியில் விலக்கியதே நோக்கம் என்பர் மற்றொரு சாரார். சபையார் உள்ளத்தில் இரண்டும் கலந்தே இருந்திருக்கக்கூடும்.

1928-இல், மாசசூசெட்ஸைச் சேர்ந்த கேம்பிரிட்ஜ் நகரத்தின் விதியொன்று குறிப்பிட்டதொரு மனையைப் பொறுத்த அளவில் செல்லாதென ஸதர்லாந்தே எழுதினார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உச்ச நீதிமன்றம் இத்துறையில் தலையிடவில்லை. வர்த்தக இலாகா, ஹூவர் மந்திரியாயிருந்தபோது வெளியிட்டிருந்த மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி, யூக்ளிடின் ஆறு வகுப்புகளைப் போன்றவை சிற்றூர்தோறும் பெருகின.

1977-இல், யூக்ளிடுக்கு அண்மையிலுள்ள கிழக்கு கிளீவ்லாந்து நகரம் இயற்றிய, பாட்டி ஒருத்தி தன் பேரன்மாருடன் வாழ்வதைக் குடும்ப இலக்கணத்துக்குப் புறம்பாகக் கொண்ட விதியை உச்ச நீதிமன்றம் தள்ளியது. அண்மையில் மினியாபொலிஸ் நகரமும் ஆரிகன் ராஜ்யமும் தனிவீட்டுக்கு மட்டுமே இடந்தரும் வகுப்பைத் தளர்த்தியுள்ளன.

யூக்ளிடின் ஜனத்தொகை 1970-இல் 71,552 வரை உயர்ந்து, 2020-இல் 49,692 ஆகக் குறைந்தது. ஆம்ப்ளர் கம்பெனியின் 68 ஏக்கர், வெற்றியடைந்த விதியின் பட்டைகளோடு ஏறத்தாழ இருபதாண்டு வெறுமையாகவே கிடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அங்கே விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. யுத்தத்துக்குப் பின் அதனை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஏற்று, 1990-களில் மூடும்வரை நடத்தியது.