வெண்காரத்தில் தொடங்கிய சிகிச்சை

"புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பைப் பத்திரிகை மேசையில் இருந்து நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். மருந்தைக் கண்டுபிடிப்பதிலும் கடினமானது, அதை உரிய இடத்திற் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதைப் பின்னாளிலேயே அறிந்தேன். மூளைக் கட்டிகளுக்கான போரன் நியூத்திரன் சிகிச்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

1932இல் பிரித்தானிய விஞ்ஞானி ஜேம்ஸ் சட்விக் நியூத்திரனைக் கண்டுபிடித்தார். 1936இல் அமெரிக்கரான கோர்டன் லோச்சர் ஒரு யோசனையை முன்வைத்தார். போரன்-10 அணு, வேகங்குறைந்த நியூத்திரனைப் பற்றியதும் பிளந்து அல்பா துணிக்கையையும் இலிதியம் கருவையும் வெளிவிடும். இவை ஏறத்தாழ ஒரு கலத்தின் அகலத்துக்கு மேற் பாய்வதில்லை. ஆகவே, புற்றுக் கலங்களில் மட்டும் போரனைச் சேர்த்துவிட்டால் அயலிலுள்ள நல்ல கலங்கள் தப்பிவிடும்.

அந்த "மட்டும்" என்ற சொல்லே பல தசாப்தங்களை விழுங்கியது.

மூளைக்குள் அந்நியப் பொருட்கள் எளிதில் நுழையாதவாறு இரத்தக் குழாய்களில் இயற்கையான தடுப்பொன்று உண்டு. கட்டியுள்ள இடத்தில் அது சிதைந்திருக்கும். அவ்வழியே போரன் கட்டிக்குட் புகும் என நம்பினார் பொஸ்ரன் நகரின் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் சுவீட். 1951இல் நியூயோர்க் மாநிலத்தின் புறூக்கேவன் ஆய்வுகூட அணு உலையில் முதற் சிகிச்சைகள் ஆரம்பமாயின. நோயாளருக்கு ஏற்றப்பட்டது நம் நாட்டு வைத்தியமும் அறிந்த வெண்காரம்.

பலன் கிட்டவில்லை. வெண்காரம் கட்டியில் தங்கவில்லை. இரத்தத்திலேயே மிகுந்து நின்றது. உச்சந்தலைத் தோல் புண்ணாகியது. பின்னர் வேறு போரன் சேர்மங்களைக் கொண்டு பொஸ்ரனை அண்டிய எம்.ஐ.டி. அணு உலையில் நடந்த முயற்சிகளில் மூளையின் இரத்தக் குழாய்களும் சேதமுற்றன. 1961இல் அமெரிக்கா இம்முயற்சியைக் கைவிட்டது. நோயாளருக்கு உண்மை முழுவதும் கூறப்பட்டதா என்று கேட்டு, 1990களில் அவர்களது குடும்பத்தினர் சிலர் நீதிமன்றம் சென்றனர்.

சுவீட்டிடம் பயின்ற யப்பானியர் ஹிரோஷி ஹத்தனாக்கா 1968இல், பி.எஸ்.எச். என்ற புதிய சேர்மத்துடன் தாய்நாட்டிற் பணியைத் தொடர்ந்தார். மற்றொரு யப்பானியரான யுத்தக்கா மிஷிமா, பீனைல் அலனீன் என்ற அமினோ அமிலத்துடன் போரனை இணைத்த பி.பி.ஏ. சேர்மத்தை 1987இல் தோற் புற்றுநோயாளி ஒருவருக்குப் பயன்படுத்தினார். விரைந்து வளரும் புற்றுக் கலங்கள் அமினோ அமிலத்தைப் பெரும் பசியுடன் உள்ளிழுக்கும். உணவென்று எண்ணி நஞ்சை ஏற்கும். 1994இல் புறூக்கேவன் மீண்டும் மூளைக் கட்டிகளுக்கான சோதனையைத் தொடங்கியது இச்சேர்மத்துடனேயே. புளோரின்-18 சேர்த்த பி.பி.ஏ.யைச் செலுத்திப் படமெடுத்து, கட்டி எவ்வளவை ஏற்கிறது என முன்கூட்டியே மதிப்பிடவும் பின்னர் வழி பிறந்தது.

2020இல் யப்பான் இச்சிகிச்சைக்கு அங்கீகாரம் வழங்கியது. அணு உலைக்குப் பதிலாக வைத்தியசாலையிலேயே நிறுவத்தக்க துணிக்கை முடுக்கி அதில் இடம்பெற்றது. ஆயினும் அந்த அங்கீகாரம் தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கே உரியது. இச்சிகிச்சை முதன்முதலில் யாரை நாடிச் சென்றதோ, அந்த மூளைக் கட்டி நோயாளர் அதில் அடங்கவில்லை. ஒரே கட்டியினுள்ளும் எல்லாக் கலங்களும் மருந்தைச் சமமாக உறிஞ்சுவதில்லை. நல்ல மூளைக்குள் ஊடுருவிச் சென்ற தனிக் கலங்களை எட்டுவதோ மேலும் கடினம்.

அடுத்தமுறை அத்தலைப்பைக் காணும்போது, அம்மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்றும் கேளுங்கள். பத்திரிகையாளர்களாகிய நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.