திரைக்கு வந்த படகும் கரையில் நின்ற பெண்ணும்

இசைநாடகம் ஒன்று மேடையிலே வெற்றி பெறுகிறது. படமுதலாளி அதை விலைக்கு வாங்குகிறார். பாடல் திரைக்குப் போகிறது. ஆடையும் அணியும் போகின்றன. காதலும் கண்ணீரும் போகின்றன. அந்த நாடகம் மக்கள் முன் வைத்த கேள்வியும் உடன் போகிறதா? போகவில்லையென்றால், அதை வழியிலே மறித்தவர் யார்? ஏன் மறித்தார்?

இந்த வினாக்களுக்கு விடை காண விரும்பும் இளைஞர், அமெரிக்க நாட்டின் 'ஷோ போட்' என்னும் இசைநாடகத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசர்களின் ஆண்டுக் கணக்கைச் சொல்லித் தரும் நாம், ஒரு நாடகத்தின் ஆண்டுக் கணக்கிலும் ஒரு நாட்டின் மனச்சான்றைப் படிக்கலாம் என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டோம்.

மிசிசிப்பி ஆற்றிலே ஊர் ஊராக மிதந்து சென்று நாடகம் காட்டிய படகுகளுக்குத்தான் 'ஷோ போட்' என்று பெயர். அந்த வாழ்வை வைத்து எட்னா பெர்பர் என்னும் பெண் எழுத்தாளர் 1926இல் புதினம் ஒன்று எழுதினார். ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் அதை நாடகமாக்கிப் பாடல்களும் எழுத, ஜெரோம் கெர்ன் இசையமைத்தார். 1927 டிசம்பர் 27ஆம் நாள் நியூயார்க்கில் அரங்கேறிய அந்த நாடகம் 572 முறை நடந்தது.

அதற்கு முன்பு இசைநாடகம் என்றால் கேளிக்கை, அழகியர் ஆட்டம், அசட்டு நகைச்சுவை. இந்த நாடகத்திலோ திரை உயர்ந்ததும் கண்ணில் பட்டவர்கள், ஆற்றங்கரையில் பஞ்சுப் பொதி சுமக்கும் கறுப்பினத் தொழிலாளிகள்! காசு கொடுத்துச் சிரிக்க வந்தவர்கள் முன், சுமை தூக்குவோரின் முதுகு வளைந்து நின்றது.

கதையின் உயிர்நாடி ஜூலி என்னும் நடிகை. படகு நாடகக் குழுவின் ஒளிவிளக்கு அவள். வெள்ளை நிறத்தாள், வெள்ளையனை மணந்தவள். அவள் உடலிலே கறுப்பினக் குருதியும் ஓடுகிறது என்று காவல் அதிகாரியிடம் ஒருவன் போய்ச் சொல்லிவிடுகிறான். கறுப்பரும் வெள்ளையரும் மணந்தால் குற்றம் என்பது அந்த மாநிலத்தின் சட்டம். அதிகாரி வருகிறான் என்று அறிந்ததும், அவள் கணவன் கத்தியால் அவள் கையைக் கீறி, அந்தக் குருதியை உறிஞ்சுகிறான். "என் உடலிலும் கறுப்பினக் குருதி உண்டு" என்று அதிகாரியிடம் சொல்கிறான். ஒரு துளி இருந்தாலும் கறுப்பன் என்பதுதானே சட்டம்? அந்தச் சட்டத்தின் கத்தியாலேயே அந்தச் சட்டத்தின் கழுத்தை அறுத்துவிட்டான்! சிறையிலிருந்து தப்பினார்கள், ஆனால் படகில் இடமில்லை. இருவரும் வெளியேறுகிறார்கள்.

பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவோரின் அறிவு எவ்வளவு நொய்ம்மையானது என்பதை, நூறு சொற்பொழிவுகள் காட்டாத அளவுக்கு அந்தக் காட்சி காட்டியது.

இந்தக் கதை மும்முறை படமாயிற்று. முதற்படம் 1929இல் வந்தது. அது ஊமைப்படமாகத் தொடங்கப்பட்டது. பேசும் படம் வந்துவிட்டதால், பாதி வழியிலே பேச்சும் பாட்டும் ஒட்டப்பட்டன. படத்துக்கு வாய் வந்தது. ஆனால் பேசவேண்டியதைப் பேசவில்லை. ஜூலியின் பிறப்புச் செய்தியே கதையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது!

இரண்டாவது படத்தை 1936இல் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்டது. இயக்கியவர் ஜேம்ஸ் வேல். திரைக்கதையை ஹாமர்ஸ்டைனே எழுதினார். கறுப்பரும் வெள்ளையரும் காதலிப்பதைத் திரையில் காட்டக்கூடாது என்ற விதியை அமெரிக்கப் படத்தொழில் தனக்குத்தானே வகுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த விதியையும் மீறி, குருதி உறிஞ்சும் காட்சி அந்தப் படத்திலே இடம் பெற்றது.

மேடையில் இயலாத ஒன்றையும் அந்தப் படம் செய்து காட்டியது. 'ஓல் மேன் ரிவர்' என்ற பாடலைப் பால் ராப்சன் பாடுகிறார். பெரும் நடிகர், பெரும் பாடகர், பின்னாளில் உரிமைப் போராளி. மேடையில் அவர் நின்று பாடினார், மக்கள் கேட்டார்கள். திரையிலோ படப்பிடிப்புக் கருவி அவரைச் சுற்றி வருகிறது. முகத்தருகே வந்து நிற்கிறது. பொதி சுமக்கும் தோள்களும், சிறைக்குள் தள்ளப்பட்ட மனிதனும் காட்சிகளாக விரிகின்றன. பாட்டின் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. கலைவடிவம் மாறுவதால் உண்மை குறைய வேண்டியதில்லை. கூடவும் கூடும் என்பதற்கு இதுவே சான்று.

குறையை மறைக்கலாமா? கூடாது. அதே படத்தில் கதாநாயகியாக நடித்த வெள்ளை நடிகை, முகத்திலே கரி பூசிக்கொண்டு கறுப்பினப் பெண்ணைப் போல ஆடிப்பாடும் கேலிக்காட்சியும் இருக்கிறது. மேடையிலும், குவீனி என்ற கறுப்பினச் சமையற்காரியாக 1927இல் நடித்தவர் கரி பூசிய வெள்ளைப் பெண்ணே. உண்மையைச் சொல்லத் துணிந்தவர்களையும் பழைய பழக்கம் எளிதில் விட்டுவிடவில்லை.

மூன்றாவது படம் 1951இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த வண்ணப்படம். பழைய படம் கொட்டகைகளிலிருந்து நெடுங்காலம் மறைந்துபோயிற்று. புதிய படகு பளபளத்தது. ஆனால் குவீனி ஏறக்குறைய மறைந்தாள். கறுப்பினப் பாடற்குழு சுருங்கியது. தொழிலாளி ஜோவுக்குப் பாட்டு மட்டும் மிஞ்சியது, வாழ்க்கை மிஞ்சவில்லை.

"மேடையில் நெடுநேரம் நடப்பதை இரண்டு மணி நேரத்தில் அடக்க வேண்டாமா? வெட்டாமல் எப்படிப் படமெடுப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெட்டத்தான் வேண்டும். ஆனால் கத்தி ஏன் கறுப்பர் இருந்த பக்கமே பாய்ந்தது என்பது நம் கேள்வி.

ஜூலியாக நடிக்க எல்லாத் தகுதியும் உடைய ஒருவர் அந்த நிறுவனத்திலேயே இருந்தார். அவர் லீனா ஹார்ன், கறுப்பினப் பாடகி. 1946இல் வெளிவந்த கெர்னின் வாழ்க்கைப் படத்தில் ஜூலியாகத் தோன்றி, அவள் பாடலைப் பாடியும் காட்டினார். ஆயினும் 1951இல் வேடம் கிடைத்தது வெள்ளை நடிகையான ஏவா கார்ட்னருக்கு. அவர் வாயசைத்தார்; அன்னெட் வாரன் என்ற இன்னொருவர் குரல் கொடுத்தார். கறுப்பினப் பெண்ணின் துயரத்தைச் சொல்ல முகம் ஒருவரிடம், குரல் ஒருவரிடம் கடன் வாங்கினார்கள். துயரத்துக்கு உரியவளை வாயிலிலே நிறுத்தினார்கள்.

காரணம் கலையன்று, கல்லாப்பெட்டி! லீனா ஹார்னின் பாடற்காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். தென் மாநிலக் கொட்டகைக்காரர்கள் அவற்றை எளிதில் வெட்டி எறியலாம் அல்லவா? ஜூலியை அப்படி வெட்டமுடியாது. அவள்தான் கதை.

இதைவிடக் கொடுமையும் ஒன்று உண்டு. லீனா ஹார்ன் அந்த நிறுவனத்தின் இசையமைப்பாளரான லென்னி ஹேட்டன் என்ற வெள்ளையரை மணந்தவர். கலிபோர்னியச் சட்டம் இடந்தராததால் 1947இல் பாரீசுக்குப் போய்த் திருமணம் செய்து, 1950 வரை அதை மறைத்து வைத்திருந்தார். ஜூலியின் வாழ்க்கையை வாழ்ந்தவருக்கு ஜூலியாக நடிக்க இடமில்லை! கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அந்தத் தடைச்சட்டம் செல்லாது என்று 1948இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதே மாநிலத்தில் இருந்த படத்தொழிலோ தன் விதியை 1956 வரை கைவிடவில்லை. சட்டம் மாறிய பிறகும் வணிகம் மாறவில்லை. நாடு முழுவதிலும் அத்தகைய சட்டங்கள் செல்லாமற் போனது 1967இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால்.

தோழர்களே, இந்த வரலாற்றில் நம்பிக்கையும் இருக்கிறது. நூலாசிரியர் எழுதித் தந்தபடி, துயரத்தில் துவண்டு ஓய்ந்துபோகிறவனாகத்தான் ராப்சன் அந்தப் பாட்டை முதலில் பாடினார். 1930களின் இறுதியில், தம் இசைநிகழ்ச்சிகளில் அதன் சொற்களை மாற்றினார். சலிப்பு இருந்த இடத்தில் போராட்டத்தை வைத்தார். பண் அதே பண். பாடியவன் வேறு மனிதன். 1950இல் அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. 1958இல் அதைத் திருப்பித் தர நேர்ந்தது. பார்வைக்கு இல்லாமற் போயிருந்த 1936ஆம் ஆண்டுப் படமும், நாடு பேணவேண்டிய திரைப்படங்களின் பட்டியலில் 1996இல் சேர்க்கப்பட்டது.

1951ஆம் ஆண்டுப் படத்தின் இறுதிக் காட்சியில் படகு புறப்படுகிறது. கதாநாயகியும் கணவனும் அதிலே இருக்கிறார்கள். அவர்கள் வாழ வழிவிட்ட ஜூலி, கரையிலே நிழலில் நின்று, அது போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொட்டகையிலே விளக்கு எரிந்ததும் மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள்.

நாம் எழுந்து போகுமுன் ஒன்று கேட்போம். மேடையிலிருந்து எந்தக் கதை திரைக்கு வந்தாலும் கேட்போம்: படகில் ஏறியவர் யார்? கரையில் விடப்பட்டவர் யார்?