அணி மாறினாலும் நிற்கும் பெயர்: தமிழ் ராக் இசைக்குழுக்களின் வரலாற்றை எழுதும் முறை குறித்து

ராக் இசைக்குழுக்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே கதைப்போக்கில் எழுதப்படுகிறது. நான்கு நண்பர்கள் கூடுகிறார்கள், வாடகை அறையில் பழகுகிறார்கள், பெயர் எடுக்கிறார்கள். பிறகு ஒருவர் விலகுகிறார். அதோடு ‘அசல் அணி’ போய்விட்டது, இனி வருவதெல்லாம் நிழல் என்று எழுதுபவர் முடிவுகட்டிவிடுகிறார். பிரிட்டிஷ், அமெரிக்க இசை இதழ்களில் உருவான இந்தக் கதைப்போக்கை நம் குழுக்கள்மீது அப்படியே ஏற்றுவது தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். யார் எப்போது வந்தார், எதற்காக விலகினார், விலகி எங்கே போனார் என்பவையே ஒரு குழுவைப் பற்றிய முதன்மைச் சான்றுகள். அந்த இசைக்கு யார் பணம் கொடுத்தார்கள், யார் நேரம் கொடுத்தார்கள், யாருடைய பெயர் மறைந்தது என்பதை எந்த ஒலித்தட்டையும்விட அவை தெளிவாகக் காட்டுகின்றன. அணிமாற்றத்தைச் சரிவின் அறிகுறியாக மட்டும் பார்ப்பவர் அந்தச் சான்றைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்.

இதைத் தண்டலத்திலிருந்து பார்ப்பது உதவும். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் நெடுஞ்சாலையிலுள்ள இந்த ஊரில் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி 1997இலும் சவீதா பொறியியல் கல்லூரி 2001இலும் தொடங்கப்பட்டன. சற்று மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் வந்தது. கல்லூரிப் பேருந்தும் கம்பெனி பஸ்ஸும் காலையில் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. இரண்டிலும் இருப்பவர்கள் ஏறக்குறைய ஒரே வயதினர். இருவருக்கும் காலக்கெடு உண்டு. பொறியியல் படிப்பு நான்கு ஆண்டு. வேலைத்திறன் பயிற்சிக்காக 2013இல் வந்த நீம் திட்டம் தொழிற்சாலைப் பயிற்சியாளருக்கு வகுத்தது 3 மாதம் முதல் 36 மாதம் வரை.

இந்தக் கெடுவுக்குள் ஒரு குழு எப்படி நிற்கும்? முதல் ஆண்டில் ஆள்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஜாம் பண்ண இடம் வேண்டும். மூன்றாம் ஆண்டுதான் கல்ச்சுரல்ஸ் மேடைகள். நான்காம் ஆண்டில் பிளேஸ்மென்ட் வந்துவிடும். டிரம்ஸ் வாசிப்பவருக்கு பெங்களூரு, பேஸ் வாசிப்பவருக்கு ஹைதராபாத். ஆலைத் தொழிலாளியின் நிலை இன்னும் கடினம். ஏ, பி, சி என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும்போது வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் ஐந்து பேர் கூடுவதே அரிது. நட்பு முறிவு, தன்முனைப்பு, போதை ஆகியவை மேலைநாட்டுக் குழு வரலாறுகளில் பிரிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். இந்த நெடுஞ்சாலையில் காரணங்களை மதிப்பெண் பட்டியலிலும் வேலை உத்தரவிலும் தேட வேண்டும்.

அணி மாறுவதைப் பெருங்குறையாகக் கருதாத மரபு இந்தப் பகுதியிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம், செய்யாறு, புரிசை வட்டாரங்களின் கூத்து ஜமாக்களைச் சொல்கிறேன். ஜமாவுக்கு ஒரு பெயர் உண்டு, பொறுப்பேற்று நடத்துபவர் உண்டு. நடிகரும் வாத்தியக்காரரும் முன்பணம் வாங்கி ஒரு பருவத்துக்குச் சேர்வார்கள், அடுத்த பருவம் வேறு ஜமாவுக்குப் போவார்கள். காஞ்சிபுரத்தில் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கப்பட்டது. அதனுடன் நெருங்கிப் பணியாற்றிய ஹன்னே டி புருயின் 1999இல் எழுதிய நூல், இக்கலையின் நெகிழ்வுத்தன்மையையே தன் தலைப்பில் வைத்தது. பாரதக் கூத்து பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் இன்றைக்குத் துரியோதனன் வேஷம் யார் என்று கேட்பார், அசல் துரியோதனன் எங்கே என்று கேட்க மாட்டார். ஆட்டத்தின் தரத்தை அந்த இரவில் ஆடுபவரை வைத்து எடைபோடும் ரசனை அது. ராக் வரலாறு எழுதுபவர்கள் இந்த ரசனையிடம் கற்க வேண்டியது நிறைய.

மெல்லிசைக் குழுக்களும் இப்படித்தான் இயங்கின. பாவலர் வரதராசன் தம் தம்பிகளோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிய குழுவை இன்று நாம் இளையராஜாவின் வாழ்க்கை வரலாற்றின் முதல் அத்தியாயமாக மட்டுமே நினைவுகொள்கிறோம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் மூவரும் வாசித்தார்கள். அந்தக் குழுவைத் தனியாக ஆராய்ந்தவர் அரிது. ராக் இசைக்கும் அதே கதிதான். ஏ.ஆர். ரஹ்மான் இளமையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற சென்னை ராக் குழுவைத் தொடங்கினார். சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோர்டு வாசித்தார். இவ்விரு பெயர்களும் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக வந்துபோகின்றன. திரைப்படத்துக்குப் போனவரை வைத்தே குழுவை நினைப்பதால், திரைப்படத்துக்குப் போகாதவர்கள் வாசித்ததெல்லாம் வரலாற்றுக்கு வெளியே நிற்கிறது. தமிழ் இசை வரலாற்றெழுத்தில் இது பெரிய ஓட்டை.

வெளியே சில எடுத்துக்காட்டுகளைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் ‘தி ஃபால்’ 1976இல் தொடங்கி, 2018 ஜனவரியில் மார்க் ஈ. ஸ்மித் இறக்கும்வரை நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதில் வந்துபோனார்கள், அவர் ஒருவர் மட்டுமே கடைசிவரை இருந்தார். அங்கே பெயர் ஒரு மனிதரின் குரலைப் பற்றிக்கொண்டு நின்றது. கொல்கத்தாவின் ‘மொஹினேர் கோராகுலி’ நேர்மாறானது. 1975இல் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் தொடங்கி, 1977க்கும் 1979க்கும் இடையில் மூன்று சிறு இசைத்தட்டுகள் வெளியிட்டு, 1981இல் கலைந்தார்கள். 1995இல் கௌதம் அதே பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டபோது இளைய தலைமுறைக் கலைஞர்களும் அதில் பாடினார்கள். கலைந்துபோன குழுவின் பெயர் பிறருடைய பாட்டுக்கும் கூரையாயிற்று. டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’ இன்னொரு வகை. பாடிக்கொண்டே தபலாவும் வாசித்த அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் இறந்த பின், பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹின் சக்ரவர்த்தி என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒரே உடலில் இருந்த குரலும் தாளமும் இரண்டாகப் பிரிந்தன. அணிப் பட்டியலில் ஒரு பெயர் போய் இரு பெயர் வந்ததாக மட்டும் எழுதினால் இசையில் நடந்த இந்த மாற்றம் கண்ணில் படாது.

இப்போது தமிழின் மிக முக்கியமான எடுத்துக்காட்டுக்கு வருகிறேன்: ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017இல் இதை உருவாக்கின. கபேர் வாசுகியுடன் ‘குரங்கன்’ என்ற தமிழ்த் தனியிசைக் குழுவில் இயங்கியவர் டென்மா. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. மேடையில் 19 பேர். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பெயர் வந்தது. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களைச் சாதியற்றவர்களாகப் பதிவு செய்யச் சொன்னவர் அவர். நிறுவியவரின் பெயரையோ ஊரையோ தாங்காமல் ஒரு நூற்றாண்டு பழைய அரசியல் கோரிக்கையைப் பெயராகத் தாங்கிய குழு இது. ஆள் மாறினால் அந்தக் கோரிக்கை காலாவதியாகாது. பெயர் நிலைப்பதற்கான அடிப்படையே இங்கு வேறு என்பதை வரலாறு எழுதுபவர் முதலில் உணர வேண்டும்.

19 என்ற எண்ணும் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. நான்கு பேர் குழுவில் பேஸ் வாசிப்பவர் வேலை கிடைத்துப் போனால் நிகழ்ச்சி நின்றுவிடும். 19 பேர் இருந்தால் பாடல் பட்டியலை மாற்றிக்கொண்டு மேடையேறலாம். ஆனால் 19 பேருக்குச் சாப்பாடு, பயணம், சம்பளம், மைக் வேண்டும். நான்கு மாணவர்கள் கைக்காசில் நடத்தும் முறை இதற்குப் போதாது. புரவலர் வேண்டும். கூத்துக்குக் கோயிலும் ஊரும் பொறுப்பேற்றதைப் போல இங்கே நீலம் பொறுப்பேற்றது. திரைப்படத்தில் சம்பாதித்த பணமும் செல்வாக்கும் இசைக்குழுவுக்குள் வந்த அரிய நிகழ்வு இது. அதுவரை ஆள்கள்தான் குழுவிலிருந்து திரைப்படத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு இந்தக் குழுவிலிருந்தும் அந்தப் பாதை திறந்தது: ‘சார்பட்டா பரம்பரை’யில் 2021இல் இசைவாணியும் கானா முத்துவும் பாடினார்கள், டென்மா 2019இல் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ படத்துக்கு இசையமைத்தார். இதைக் குழுவின் இழப்பாக எண்ணத் தேவையில்லை. கானா பாடியவர் தம் குரலுக்கு உரிய ஊதியம் பெறுவது அந்தக் குழு எழுப்பிய கோரிக்கையோடு ஒத்துப்போவதுதான்.

இசை அமைப்பைச் சற்று நின்று கேட்க வேண்டும். தொடக்க அணியில் நந்தன் பறையும் தவிலும், சரத் சட்டியும், கௌதம் கட்ட மோளமும், தரணி டோலக்கும் வாசித்தார்கள். அவர்கள் பக்கத்திலேயே மனு கிருஷ்ணன் டிரம்ஸும் சாகிப் சிங் கிட்டாரும் வாசித்தார்கள். சட்டியும் கட்ட மோளமும் வடசென்னையில் சாவு ஊர்வலத்தில் அடிக்கும் வாத்தியங்கள். கானாவும் சாவு வீட்டு இரவுகளில் வளர்ந்த பாட்டு. திரையிசையில் இவை நிறம் கூட்ட நாலு பார் வரும், பிறகு மறையும். இங்கே பாட்டின் முதுகெலும்பே அவைதான். தெருவில் நடந்துகொண்டே அடிப்பதற்கென்று உருவான சத்தத்தை, ஆம்ப்ளிஃபயர் வைத்த கிட்டாரோடு ஒரே மேடையில் ஒலிச்சமன் செய்வது எளிதல்ல. மைக் எங்கே வைப்பது, எந்தத் தாளம் முன்னே நிற்பது என்ற ஒவ்வொரு முடிவும் யாருடைய இசை மையம் என்ற கேள்விக்கான விடையாகிவிடுகிறது. தமிழ் ராக்கின் பெருஞ்சாதனையாக நான் கருதுவது இந்தத் தாளக் கூட்டணியைத்தான். 2018இல் வந்த ‘மகிழ்ச்சி’ தொகுப்பில் இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாடுபொருளாயின என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கட்ட மோளத்துக்குக் கிடைத்த இடத்தைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூட்டுப் பெயரைக் கொண்டாடினால் தனிமனிதரின் உழைப்பு அதற்குள் கரைந்துவிடாதா? ஒடுக்கப்பட்ட கலைஞரின் படைப்பைப் பெயரில்லாத ‘நாட்டுப்புற இசை’ என்று எடுத்துக்கொள்வது இந்நாட்டில் பழைய வழக்கம். இந்த அச்சம் நியாயமானது. குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான அறிவு, 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் அவர் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகமெங்கும் கேட்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பாட்டைக் கொண்டாடி ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் முதலில் வெளியிட்ட அட்டையில் அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே பாடப்பட்டது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுந்த விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. பாட்டின் பெயரும் படைத்தவரின் பெயரும் எவ்வளவு எளிதில் பிரிக்கப்படுகின்றன என்பதை அது காட்டியது. இசைவாணியின் நிலையையும் எண்ண வேண்டும். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற அவர், தொடக்க அணியில் இருந்த ஒரே பெண். கூட்டு என்ற சொல்லில் நின்றுவிட்டால் இந்த ‘ஒரே’ என்ற உண்மை மறைந்துவிடும்.

எனவே ஜமாவிடமிருந்து கற்பதிலும் ஒரு திருத்தம் தேவை. ஆள் வருவதையும் போவதையும் இயல்பாக ஏற்கும் மனம் அதனிடம் உண்டு. ஆனால் பின்பாட்டுக்காரரும் மத்தளக்காரரும் பல நேரம் பெயரில்லாமலே போனார்கள். பெயர் தொடரட்டும் என்று சொல்லும் வரலாறு, ஒவ்வொருவரும் வந்த நாளையும் போன நாளையும் எழுதிவைக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்க வேண்டும். இந்தியன் ஓஷனில் யார் எப்போது வந்தார் என்பது எளிதில் கிடைக்கிறது. அதே நுணுக்கம் ஒரு சட்டி வாத்தியக்காரருக்கும் கிடைக்கும்வரை நம் இசை வரலாறு சாதியற்றதாக ஆகாது.

தண்டலத்தின் கல்லூரிகளுக்கும் இந்தச் சாலையிலுள்ள பிற கல்லூரிகளுக்கும் இதையொட்டி ஒரு வேண்டுகோள். மாணவர் குழு நான்கு ஆண்டில் கலையும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி. கல்ச்சுரல்ஸ் முடிந்ததும் அதன் சுவரொட்டி, பாடல் வரிசை, வாசித்தவர் பெயர், எந்தக் கருவி, எந்த ஆண்டு மாணவர், ஒலி அமைத்தவர் யார் என்ற விவரங்களைக் கல்லூரி நூலகத்தில் ஒரு கோப்பாக வையுங்கள். ஆலைகளில் ஆயுத பூஜைக்கும் கிராமங்களில் ஆடித் திருவிழாவுக்கும் வாசிக்கும் குழுக்களின் நோட்டீஸ்களையும் அதில் சேருங்கள். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இசைத்தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் மதித்துக் காக்கும் இடம். ஒரு படி அங்கும் போகட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, ஒரு நூலகரும் இரண்டு மாணவர்களும் போதும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.