டோனி குணவான்: மூன்று இணைகள், இரண்டு கொடிகள்

இறகுப்பந்தாட்டத்தில் இரட்டையர் ஆடுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. வென்றால் அந்த ஜோடி வென்றது என்பார்கள். தோற்றாலோ இருவரில் யார் சொதப்பியது என்று தேடுவார்கள். கலிபோர்னியாவில் ஞாயிறுதோறும் ஷட்டில் ஆடிவந்த எங்கள் சிறு தமிழ்க் குழுவிலும் இதே கதைதான். என் இணையாக ஆடிய கும்பகோணத்துக்காரரை நான் முறைத்தே ஓய்த்துவிடுவேன். 2004 வாக்கில் ஒருநாள், மட்டையைப் பையில் போட்டுக்கொண்டே, "தம்பி, பந்து எங்க வருதுன்னு பாக்குறத விட நான் என்ன தப்பு பண்றேன்னுதான் நீங்க பாக்குறீங்க" என்றார். அடுத்த வாரம் முதல் வரவில்லை. டோனி குணவானைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இணை மாறினாலும் வென்றுகொண்டே இருந்த மனிதர் அவர்.

பெயரைக் கேட்டு நம்மவர் என்று நினைக்க வேண்டாம். 1975 ஏப்ரல் 9 அன்று இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் பிறந்தவர். 'குணவான்' சமஸ்கிருதத்திலிருந்து கடல் கடந்து ஜாவாவுக்குப் போன சொல். அவருடைய முதல் பெரிய இணையின் பெயர் சந்திரா விஜயா. நம்மூர் அக்கா தங்கையின் பெயர்களை ஒட்டவைத்தது போலிருந்தாலும் ஆள் ஆண்தான்!

இரட்டையர் ஆட்டத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒற்றையருக்கு 5.18 மீட்டர் அகலமுள்ள ஆடுகளம் இரட்டையருக்கு 6.10 மீட்டராகிறது. ஆள் இரண்டு மடங்கு, இடமோ ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. எனவே பந்து திரும்பி வருவது மிக விரைவு. தாக்கும்போது ஒருவர் வலையருகே, மற்றவர் பின்னால்; தற்காக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கவேண்டும், அதுவும் பேசாமல். பின்னால் நிற்பவர் ஓங்கி அடிப்பது கைதட்டல் வாங்கும். ஆனால் அந்த அடிக்கு வரப்போகும் பதிலை ஊகித்து வலையருகே மட்டையைத் தயாராக வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் புள்ளியை முடிக்கிறார். குணவான் இரண்டு இடத்திலும் நிற்கக்கூடியவர். இதுவே அவருடைய அபூர்வம் என்பேன். கூட்டாளிக்கு எது வசதியோ அதை விட்டுக்கொடுத்து, மீதியைத் தான் எடுத்துக்கொள்ள அவரால் முடிந்தது.

சந்திராவுடன் 1999 ல் ஆல் இங்கிலாந்து பட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதியில் கொரியாவின் லீ டொங்-சூ, யூ யொங்-சுங் ஜோடியை 15-10, 9-15, 15-7 என்று வென்று தங்கம். இப்படி ஒரு ஜோடி அமைந்துவிட்டால் நாமெல்லாம் ஆயுளுக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருப்போம். இவர்கள் பிரிந்தார்கள். 2001 ல் குணவான் ஹாலிம் ஹர்யாந்தோவுடன் களமிறங்கி, அதே ஆண்டில் ஆல் இங்கிலாந்து பட்டத்தையும், ஸ்பெயினின் செவில் நகரில் உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றார்.

அதன்பின் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். இந்தோனேசியாவில் இறகுப்பந்து வீரர்களைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்வார்கள். இங்கேயோ அது கொல்லைப்புறத்தில் கோடைகாலத்தில் ஆடும் பொழுதுபோக்கு. எப்படி இந்த முடிவெடுத்தாரோ என்று யோசித்திருக்கிறேன், ஊரில் இருந்த வேலையை விட்டு வந்த நம்மில் பலரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம் என்றாலும். இங்கே அவருக்கு அமைந்த இணை ஹோவர்ட் பாக். வியட்நாமில் பிறந்து, குழந்தையாக சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தவர். குணவானுக்கு அப்போது அமெரிக்கக் குடியுரிமை இல்லை. ஆனாலும் உலக சாம்பியன் போட்டியில் அமெரிக்காவுக்காக ஆட முடிந்தது.

2005 ஆகஸ்டில் அந்தப் போட்டி எங்கள் பக்கத்திலேயே அனஹைமில் நடந்தது. இறுதி ஆட்டத்தன்று மேல்தட்டு இருக்கையில் நானும் இருந்தேன். வலைக்கு அந்தப் பக்கம் 1997 ன் உலக சாம்பியன்களான சிகித் புதியார்தோவும் சந்திரா விஜயாவும். ஆமாம், அதே சந்திரா. ஐந்து வருடம் முன்பு சேர்ந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள், இப்போது வேறு வேறு கொடிகளின் கீழ் எதிரெதிரே. அப்போது பழைய 15 புள்ளி முறை. சர்வீஸ் போடும் ஜோடிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். (அடுத்த ஆண்டே 21 புள்ளி முறை வந்துவிட்டது.) புள்ளியே ஏறாமல் சர்வீஸ் மட்டும் கைமாறிக்கொண்டிருக்கும் அந்த நிமிடங்களின் அவஸ்தையை இப்போது ஆடும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 15-11, 10-15, 15-11. இறகுப்பந்தில் அமெரிக்காவின் முதல் உலகப் பட்டம் அது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது பாக்கை. குணவானோடு ஒப்பிட்டால் அனுபவம் குறைந்தவர். ஆனால் அன்று ஆடியவர் பயந்து ஆடியவரைப் போல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கும்பகோணத்துக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணா, வர்ற ஞாயிறு வர்றீங்களா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முறைக்க மாட்டீங்கன்னா வரேன்" என்றார்.

2006 ல் குணவான் மறுபடி சந்திராவோடு சேர்ந்து ஜப்பான் ஓபனை வென்றார். ஒலிம்பிக் மட்டும் எட்டவில்லை. அதற்குக் குடியுரிமை கட்டாயம். பாக் ஏதென்ஸுக்குக் கெவின் ஹானுடனும், 2008 ல் பெய்ஜிங்குக்கு லாவோஸில் பிறந்த மலைதோங்குடனும் போனார். உலகப் பட்டத்தைச் சேர்ந்து வென்ற கூட்டாளி ஊரிலேயே இருந்தார். குடியுரிமை கிடைத்து இருவரும் ஒன்றாக ஒலிம்பிக் ஆடியது 2012 ல், லண்டனில். குணவானுக்கு அப்போது வயது 37. குழுச் சுற்றோடு வெளியேறினார்கள்.